ஏழு தரம் கழுவிய இறைச்சி அடுப்பு

வானும் மண்ணும் வகுத்தோனே, வல்ல கருணை உடையோனே,
ஊனும் உயிரும் ஈந்தோனே, ஒருவனாகி நின்றோனே,
நானும் என்றன் நாவதுவும் நன்மை உரைக்க அருள்வோனே,
தீனும் வாழ்வும் சிறந்திடவே தயவே செய்வாய் றஹ்மானே.

அவன் தூதர் மீதும் அவர்தம் கிளையார் தோழர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உரைத்து, துல்ஹஜ் மாதத்துப் பன்னிரண்டாம் பிறையாகிய வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுது வந்து, சிங்கப்பூரின் வடகரையில் என் மகன் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, கல்முனைக் கரையிலுள்ள என் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் இதனை எழுதுகிறேன்.

1

இம்மாதத்தோடு நான் ஊரை விட்டு வந்து மூன்றாண்டு நிறைகின்றது. மனைவி கண்மூடி மையித்தான பின்னர், மருதமுனையில் என் இரு தறிகளையும் தங்கையின் மக்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரே மகன் சுலைமான் அழைத்தபடி கப்பலேறினேன். மின்சாரப் பகுதியில் அவனுக்கு உத்தியோகம். மணமுடித்தது இந்நாட்டு மலாய்ப் பெண்ணை. அவள் பெயர் ஸாலிஹா. ஹபீபா என்று எட்டு வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள்.

இந்த மூன்றாண்டில் நான் கற்றவை மிகச் சில. குடிவரவுக் கந்தோரில் ஆண்டுக்கொரு முறை வரிசையில் நிற்கக் கற்றேன். நம் வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் வாப்பாவின் பெயர் நிற்பதால், அவர்கள் படிவத்தில் அதுவே என் பெயராகிவிட்டது. கபுறில் அடங்கி நாற்பதாண்டான என் வாப்பா, ஆண்டுதோறும் சிங்கப்பூரில் தங்குவதற்கு அனுமதி கேட்கிறார். நான் திருத்தச் சொன்னேன். அதற்கும் ஒரு படிவம் உண்டு என்றார்கள். மருமகள் முதல் நாள் என்னிடம் "நாசி வேணுமா வாப்பா?" என்று கேட்டபோது நான் மூக்கைத் தடவிப் பார்த்தேன். சோற்றை இவர்கள் அப்படித்தான் சொல்வர் என்று பின்னரே அறிந்தேன். பேத்தி என்னோடு மலாயில் கதைக்கிறாள், அவள் வாப்பாவோடு ஆங்கிலத்தில் கதைக்கிறாள். நான் தமிழில் விடை சொல்கிறேன். எப்படியோ வீடு நடக்கிறது.

இவற்றையெல்லாம் முன்னரே கடிதங்களில் எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. சென்ற மாதம் முழுவதும் நான் என் மகன் வீட்டில் ஒரு கவளம் சோறும் உண்ணவில்லை. இப்போது உண்கிறேன். அதனால்தான் எழுதவும் மனம் வந்தது.

2

காரணம் ஓர் அடுப்பு. வெள்ளைக்காரர் வீட்டுக்குள்ளே நல்ல அடுப்பிருக்க, விடுமுறை நாளில் வெளியே வந்து புற்றரையில் நின்று இறைச்சி சுடுவர். அதற்கென்றே இருப்புத் தொட்டி போல ஒன்றை நான்கு கால்களில் நிறுத்தி, அடியில் கரியிட்டு, மேலே கம்பிகள் பரப்பி, மூடியும் வைத்திருப்பர். மழையிலும் வெயிலிலும் நிற்பதால் அதற்கு வண்ணம் பூசுவர். ஒரு நாள் மாலை நான் அஸர் தொழுது திரும்புகையில், நம் வீட்டைச் சுற்றிய வளவுக்குள் அப்படியொன்று பச்சைப் பசேலென்று நின்றது. உட்புறம் கன்னங்கறுப்பாய் இருந்தது. மகன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இதென்ன மனே?"

"இறைச்சி சுடுற அடுப்பு வாப்பா. எங்கட இஞ்சினியர் ஐயா சீமைக்குப் போறார். போகக்குள்ள எனக்குத் தந்திட்டுப் போறார்."

"அவர் இதில என்னத்தச் சுட்டவர்?"

பொய் சொல்லிப் பழகாதவன் என் மகன். நிலத்தைப் பார்த்தான். "எல்லாந்தான் சுட்டிரிப்பார்."

"பண்டியுமா?"

"ஓம் வாப்பா. பண்டியுந்தான்."

"பண்டி சுட்ட அடுப்ப வாசல்ல கொண்டுவந்து வெச்சிப்போட்டு, என்ன வாப்பா எண்டு வேற கூப்பிடுறாய்!"

"வேணாமெண்டா மனிசன்ட மனம் நோகுமே. பத்து வருசம் ஒண்டா வேல செஞ்சவர். தாறதுக்கு முதல் ரெண்டு நாள் மினக்கெட்டுப் புதுசாப் பெயிண்டும் அடிச்சிரிக்கார், பாருங்க."

"அவர்ர மனம் நோகப்படாது. என்ட மனம் நொந்தாப் பறவாயில்ல, என்ன?"

"கழுவினாச் சரிதானே வாப்பா. இதென்ன பெரிய கத!"

"பெரிய கததான். இது இந்த வளவில நிக்கிற மட்டும் உன்ட வீட்டுச் சோறு எனக்கு வேணாம்."

சொல்லி முடித்த கணத்திலேயே அது மிகை என்று எனக்குத் தெரிந்தது. வெளியே நிற்கும் அடுப்புக்காக உள்ளே வேகும் சோறு என்ன பாவம் செய்தது? ஆயினும் சொன்ன சொல்லை விழுங்க இந்த நரைத்த தாடி இடந்தரவில்லை. பள்ளிவாசலுக்கு அருகே இராமநாதபுரத்து மரைக்காயர் ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அங்கே போய் உண்ணத் தொடங்கினேன்.

"என்ன சிலோன் பாய், வீட்ல அடுப்பு எரியலையா?" என்று அவர் தினமும் கேட்பார்.

"ரெண்டு அடுப்பு இரிக்கி. அதுதான் கரச்சல்" என்பேன்.

மருமகள் ஒவ்வொரு நண்பகலும் என் அறை வாயிலில் தட்டை மூடி வைப்பாள். பின்நேரம் வந்து, மூடியபடியே எடுத்துப் போவாள். மகன் அதைப் பார்த்துக்கொண்டே கதிரையில் ஆங்கிலப் பத்திரிகையை விரித்திருப்பான். அவன் பக்கத்தைப் புரட்டாததை நானும் பார்த்திருக்கிறேன்.

இந்நிலையில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. முதன்முறையாக மகன் இரண்டு ஆடுகள் அறுத்துக் குர்பான் கொடுக்க நிய்யத்து வைத்து, பள்ளிவாசல் ஜமாஅத்தாரில் முப்பது பேரை விருந்துக்கு அழைத்தான். அந்த அடுப்பைக் கழுவி அதிலேயே சுடுவதென்றும் தீர்மானித்தான். முப்பது பேர் முன்னிலையில் பெற்ற வாப்பா எழுந்து மரைக்காயர் கடைக்கு நடந்தால் அவன் முகம் என்னாகும்? அவன் என்னை வா என்று கேட்கவில்லை, நான் வருவேன் என்று சொல்லவுமில்லை.

3

பெருநாளுக்கு முந்திய அறபா நாள். நோன்பு நோற்றிருந்தேன். ஸுபஹுத் தொழுகைக்குப் பின் வழக்கமாக ஓதும் முனாஜாத்துப் பாடலை ஓதுகையில், பிழை பொறுக்குமாறு வேண்டுகின்ற இடத்தில் நா தடுமாறிற்று. உலகத்தாரெல்லாம் மன்னிப்புக் கேட்டு நிற்கும் நாளில், மகனோடு மனத்தாங்கல் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கையேந்துவது? அந்த அடுப்பை என் கையாலேயே கழுவிவிட்டால் பின்னர் எனக்கு ஐயமிராது. பெருநாளன்று அவனோடு ஒரே சகன் தாலத்தைச் சுற்றியிருந்து உண்ணலாம். இதை யாருக்கும் சொல்லாமல் செய்ய எண்ணினேன்.

பன்றியின் அசுத்தம் பட்ட பொருளை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த நீராக இருக்க வேண்டும் என்பது நம் மத்ஹபின் மார்க்கச் சட்டம். நாமெல்லாம் சிறு வயதில் ஓதியதுதான். மகன் வேலைக்குப் போன பின்னர் கோணிப்பையோடு கடற்கரைக்கு நடந்து, வெண்மணல் அள்ளி வந்தேன். வளவில் செம்மண் இருந்தது. ஆனால் கை கடல் மணலைத்தான் தேடிற்று.

ஏனென்று உங்களுக்குத் தெரியும். ஊரில் பதினைந்து ஆண்டு பள்ளிவாசல் சகன்களுக்கு நான்தானே பொறுப்பு? கந்தூரி விருந்துக்கு முந்திய நாள் அத்தனை பித்தளைச் சகன்களையும் கடற்கரையில் பரப்பி, தேங்காய்ப் பொச்சு நாரில் மணலைத் தொட்டு, கணுக்கை நோகத் தேய்ப்போமே! முகம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றிலும் குனிந்து பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவோம். பாத்திரம் சுத்தமானதற்கு நம் கரையில் அதுதான் அத்தாட்சி.

அந்தக் கையால்தான் இந்த அடுப்பையும் தேய்த்தேன். பச்சை நீர் ஓடிற்று. அழுக்குக் கழல்கிறதென்று அகமகிழ்ந்தேன். பச்சைக்குக் கீழே செந்நிறம் தெரிந்தது. அது பழைய துரு என்றெண்ணி இன்னும் அழுத்தித் தேய்த்தேன். உட்புறக் கறுப்பும் உதிர்ந்தது, அதைப் புகைக்கரி என்றே கொண்டேன். நாற்பதாண்டு நூலோடு வாழ்ந்தவனுக்குச் சாயம் என்பது இழைக்குள்ளே ஊறி நிற்பது. இரும்பில் அது மேலே போர்த்த வெறும் துணி என்று எனக்கு யார் சொன்னார்கள்? பின்னர் ஆறு தரம் வெறும் நீர் ஊற்றினேன். தரம் தவறாதிருக்கத் தஸ்பீஹு மணியில் எண்ணிக்கொண்டேன். காற்றில் காயட்டும் என்று திறந்தபடி விட்டுவிட்டு, நோன்பு துறக்கப் பள்ளிக்குப் போனேன். மகன் திரும்பியபோது இருட்டிவிட்டது. அவன் வளவுப் பக்கம் போகவில்லை.

4

பெருநாள் விடிந்தது. ஸுபஹு தொழுது, வாயில் தக்பீரோடு வளவுக்குள் நுழைந்தேன். மகன் அடுப்பின் முன் நின்றான். பச்சை ஒரு புறம் திட்டுத் திட்டாய் ஒட்டிக்கிடக்க, மிச்ச இடமெல்லாம் செம்மஞ்சளாய்த் துரு பூத்திருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது.

"வாப்பா, இதென்ன செஞ்சி வெச்சிரிக்கீங்க?"

நான் குனிந்து அடுப்பின் உட்புறத்தைப் பார்த்தேன்.

"வேணாமெண்டா வேணாமெண்டு வாயால சொல்லியிரிக்கலாமே. இப்பிடிச் சுரண்டி நாசமாக்கணுமா? முப்பது பேருக்குச் சொல்லிப்போட்டு நிக்கிறன், பெருநாளும் அதுவுமா!"

"மனே, நான் வந்து..."

"ஒண்டும் கதைக்காதீங்க வாப்பா."

பகையால் செய்தேன் என்று அவன் நினைத்துவிட்டான். இல்லையென்று சொல்ல எனக்குச் சாட்சி ஏது? தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மீண்டும் போட்டேன்.

குசினி வாயிலில் நின்ற ஸாலிஹா, மாவுக் கையோடு இறங்கி வந்தாள். மணமுடித்து வந்த பத்தாண்டில் கணவனிடமிருந்து கற்ற தமிழ்தான் அவளுடையது. "நீங்கதான் கதைக்காதீங்க" என்றாள் அவனிடம். "வாப்பா கழுவினது. ஏழு தரம். நான் ஜன்னல்ல நிண்டு பாத்தன். தஸ்பீஹு புடிச்சி எண்ணி எண்ணி ஊத்தினார். நோன்போட."

"ஏழு தரமா?"

"ஏழு. நானும் எண்ணினன்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "என்னத்துக்கு வாப்பா?"

"இண்டைக்கு உன்ட சகன்ல வந்து இரிக்கத்தான்" என்றேன்.

அவன் விரலில் ஒட்டிய துருவைத் தன் இடுப்பிலிருந்த புதுச் சாரத்தில் துடைத்தான். துடைத்த பின்பே அது புதுச் சாரம் என்று கண்டான்.

அவ்வேளையில் என் சம்பந்தி யூஸுப், எங்களோடு பெருநாள் தொழுகைக்குச் செல்வதற்காகச் சைக்கிளில் வந்திறங்கினார். ஸாலிஹாவின் தகப்பன். கப்பல் பட்டறையில் இருபத்தைந்தாண்டு வண்ணம் பூசியவர். அவரோடு வேலை செய்தோர் தமிழ்க் கூலிகள், ஆதலால் தமிழ் நன்றாகக் கதைப்பார். ஆனால் மேஸ்திரி திட்டும் தமிழ் மட்டுமே அவருக்குத் தெரியும். அடுப்பைக் கண்டதும் ஸலாம் சொல்லவும் மறந்தார்.

"யாரு தேச்சது இத?"

"நான்தான்" என்றேன்.

"எதுல தேச்சே?"

"கடல் மணலில்."

"கடல் மண்ணா! அது உப்பு அண்ணே, உப்பு! பெயிண்டையும் உரிச்சி, இரும்புல உப்பையும் தடவி வச்சிருக்கே. உனக்குப் புத்தி இருக்கா?"

மருமகள் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டாள். மகன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். இந்த வயதில் எனக்குப் புத்தியிருக்கிறதா என்று கேட்கத் துணிந்தவர் உலகில் இவரொருவர்தான். எனக்கே முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவர்களும் அடக்கவில்லை.

சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. உட்புறத்தை நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்தார். "நிப்பாட்டு. இது கரி இல்ல. உள்ளயும் பெயிண்டு. மேல கறுப்பு, கீழ சிவப்பு. இந்தச் சிவப்பு கப்பலுக்கு அடியில அடிக்கிறது. சிப்பி வந்து ஒட்டினாச் செத்துப் போவும், அப்படி வெஷம். நெருப்புப் பட்டா உரிஞ்சி கறியில விழும். யாரு அடிச்சான்?"

யார் என்று நாங்கள் சொல்லவில்லை. பிரியும் வேளையில் பொருளை அழகாக்கித் தர விரும்பியவர், கைக்கெட்டிய வாளியில் தூரிகையைத் தோய்த்திருக்கிறார். நல்ல மனத்தோடுதான் பூசினார், நான் நல்ல மனத்தோடு தேய்த்ததைப் போல.

"இந்த ஆளு தேய்க்கலேன்னா சிவப்பு இருக்குன்னு யாரு கண்டா?" என்றார் சம்பந்தி. "வெளிய தேச்சது தப்பு. உள்ள தேச்சது நல்லது. பாதிப் புத்தி இருக்கு."

எனக்கு இன்னொன்றும் உறைத்தது. பழைய கொழுப்பின் மேலேயே வண்ணம் பூசப்பட்டிருக்கிறது. என் ஏழு நீரும் வண்ணத்தைத்தான் கழுவின. உரியாத இடங்களில் இரும்பு இன்னும் கழுவப்படவே இல்லை.

5

தொழுகைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சம்பந்தி பழைய சாரத்தை வாங்கி உடுத்துக்கொண்டு, மூக்கைத் துணியால் கட்டி, எங்கள் மூக்குகளையும் கட்டச் செய்தார். தூசி பறவாதிருக்க நீர் தெளித்துத் தெளித்து, உட்புறத்தையும் கம்பிகளையும் தகட்டாலும் கம்பித் தூரிகையாலும் வெறும் இரும்பு தெரியச் சுரண்டினோம். உதிர்ந்ததையெல்லாம் ஒரு தகரப் பேணியில் அள்ளி மூடி அப்புறப்படுத்தினோம். குளித்து, அத்தர் பூசி, தொழுது வந்தோம். ஆடுகள் பள்ளி வளவில் அறுபட்டு இறைச்சி வருவதற்குள், மகனும் நானும் மறுபடி கழுவ அமர்ந்தோம்.

இம்முறை செம்மண்ணைத் துணியில் சலித்து நீரில் கரைத்தேன். தேங்காய்ப் பொச்சை எடுக்கப் போன என் கையைச் சம்பந்தி தட்டினார். "தண்ணி கலங்கினாப் போதும் அண்ணே. யாரு ஒன்னத் தேய்க்கச் சொன்னா?" சட்டம் எனக்கும் தெரியும். கலங்கிய நீர் எங்கும் ஓடினாற் போதுமென்றுதான் நானும் ஓதினேன், பிறருக்கு ஓதியும் கொடுத்தேன். கிதாபு நெஞ்சில் இருந்தது. கை கல்முனைக் கடற்கரையில் இருந்தது.

மகன் வாளியைச் சரித்தான். "ஒண்டு" என்றான். அடுத்து "ரெண்டு" என்றான். அவன் வாயிலிருந்து அவ்வரிசையை நான் கேட்டு எத்தனையோ ஆண்டாகிவிட்டது. எங்கிருந்தோ ஓடிவந்த ஹபீபா அருகில் குந்தி, தானும் மலாயில் எண்ணத் தொடங்கினாள். அவன் தமிழிலும் அவள் மலாயிலும் எண்ண, இருவரும் ஏழில் ஒன்றாய் வந்து நின்றனர்.

துடைத்து உலர்த்தி, உட்புறமெங்கும் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவி, கரியிட்டு மூட்டினோம். முதலில் நாறிற்று. பின்னர் வெண்புகை எழுந்தது. புகை அடங்கி வாடை முற்றும் நீங்கும் வரை சம்பந்தி ஒரு துண்டு இறைச்சியையும் கிட்டக் கொண்டுவர விடவில்லை. அதற்குள் இரும்பு கறுத்து, நீர் தெளித்தால் உருண்டோடும்படி மினுமினுத்தது.

தீயருகே நின்று அவர் சொன்னவற்றை உங்களுக்கும் எழுதுகிறேன். நாளைக்கு உங்கள் பிள்ளைகளில் ஒருவர் இப்படியொன்றை வாசலில் கொண்டுவந்து நிறுத்தக்கூடும். இறைச்சியும் நெருப்பும் தொடும் இடத்தில் எந்த வண்ணமும் ஆகாது, அங்கே எண்ணெயும் தீயுமே காவல். வெளிப்புறத்து வண்ணத்தை, சூடு ஆறிக் கைபொறுக்கும் வேளையில் மென்துணியும் சவர்க்கார நீரும் கொண்டு துடைத்தெடுக்க வேண்டும். மணல், சாம்பல், புளி மூன்றும் பித்தளைக்கு உறவு, வண்ணத்துக்குப் பகை. கொழுப்புத் தெறித்தால் அன்றே துடைக்க வேண்டும், மறுநாள் அதைக் கெஞ்சினாலும் போகாது. மழை நனைத்தால் உடனே உலர்த்த வேண்டும். கடற்காற்று வீசும் ஊரில் கிழமைக்கொரு முறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவ வேண்டும். எங்கேனும் வண்ணம் பொரிந்தால், அந்த இடத்துத் துருவை மட்டும் நீக்கி, அன்றைக்கே தொட்டுப் பூசிவிட வேண்டும். சிறு புண்ணைக் கவனியாதவன் பெரும் புண்ணைப் பார்ப்பான் என்றார். நான் உரித்துப் போட்ட வெளிப்புறத்துக்கு, புகைபோக்கிகளுக்குப் பூசும் சூடு தாங்கும் வெள்ளிப் பூச்சை வரும் கிழமை பூசித் தருவதாகவும் ஏற்றிருக்கிறார்.

"நீ தொடாதே அண்ணே" என்பதையும் சேர்த்தே சொன்னார்.

6

வளவில் பாய்கள் விரித்து, ஐவர் ஐவராய் அமர்ந்தோம். மலாய்க்காரரும் நம்மைப் போலவே ஒரே தாலத்தைச் சுற்றியிருந்து உண்பவர்கள்தாம். என் சகனில் சம்பந்தியும் மரைக்காயரும் பள்ளியில் பாங்கு சொல்லும் முஅத்தினாரும் இருந்தனர். மகன் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் வந்து என் இடப்புறம் அமர்ந்தான்.

"அப்ப நாளையிலேர்ந்து சிலோன் பாய் நம்ம கடைக்கு வரமாட்டாக" என்று மரைக்காயர் முஅத்தினாரிடம் முறையிட்டார்.

நெய்ச்சோற்றின் மேல் சுட்ட இறைச்சி ஆவி பறக்க வந்தது. வயதில் மூத்தவன் கைவைக்கும் வரை சகனில் எவரும் கைவைப்பதில்லை. எல்லாரும் என்னைப் பார்த்திருந்தனர். மகன் பார்க்கவில்லை. அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதுமடல் சிவந்திருந்தது. நான் பிஸ்மி சொல்லி, எனக்கு முன்னிருந்த துண்டைப் பிய்த்து உண்டேன். ஒரு மாதத்துக்குப் பின் என் மகன் வீட்டு உணவு. விழுங்கும் வரை அவன் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

"எப்பிடி வாப்பா?" என்றான், மெல்ல.

"இன்னொரு துண்டு வை மனே" என்றேன்.

இதனை வாசிப்போருக்கும், வாசிக்கக் கேட்போருக்கும், கடலில் வலை வீசுவோருக்கும், தறியில் இருப்போருக்கும், இறக்காமத்து வயல்களில் யானை வராமல் காக்க விழித்திருப்போருக்கும் அல்லாஹ் ஹலாலான உணவாம் ரிஸ்கையும் நீங்காத நலமாம் ஆபியத்தையும் அருள்வானாக. பெற்றோரும் பிள்ளைகளும் மனத்தாங்கலாய்ப் பிரிந்து உண்ணும் வீடுகள் எத்தேசத்தில் இருந்தாலும், அவர்களை ஒரு சகனில் கூட்டி வைப்பானாக. ஆமீன்.